பொட்டு முட்டை

முட்டை பார்க்கும் அறைக்கு ஜன்னல் கிடையாது. வெளிச்சம் வந்தால் வேலை கெட்டுவிடும். நீளமான ஒரு மேசை, அதன் மேல் வரிசையாகத் தகரப் பெட்டிகள், ஒவ்வொரு பெட்டிக்குள்ளும் ஒரு பல்பு, பெட்டியின் தலையில் முட்டை உட்காரும் அளவுக்கு ஒரு ஓட்டை. ஓட்டையில் முட்டையை வைத்து ஒரு சுற்றுச் சுற்றினால் உள்ளே இருப்பது தெரிந்துவிடும். விரிசல் தெரியும், பழசா புதுசா என்று தெரியும், மஞ்சள் கருவின் ஓரத்தில் ரத்தப் பொட்டு இருந்தால் அதுவும் தெரியும்.

இந்த வேலைக்குப் பண்ணைக்காரர் நாற்பது தாண்டிய பெண்களைத்தான் எடுப்பார். சின்னப் பெண்கள் இருட்டில் போனை நோண்டுகிறார்கள் என்பது அவர் சொல்லும் காரணம். சின்னப் பெண்கள் யாரும் இந்த இருட்டுக்குள் வந்து உட்காரச் சம்மதிக்கவில்லை என்பது நடந்த கதை. ஆக, அறையில் பாதிப் பேருக்கு மாதாமாதம் வருவது நின்றுபோயிருந்தது. மீதிப் பேருக்கு நிற்கலாமா வேண்டாமா என்று இழுத்துக்கொண்டிருந்தது. அதனால் அங்கே சண்டை என்று வந்தால் அது ஃபேன் சண்டைதான். ஒருத்திக்குத் திடீரென்று கழுத்திலிருந்து காதுவரை கொதிக்கும். எழுந்துபோய் ஃபேனை முழு வேகத்தில் வைப்பாள். பக்கத்துப் பெட்டிக்காரிக்கு மூட்டு விறைக்கும். அவள் போய்க் குறைப்பாள். இதற்கெல்லாம் வைத்தியம் உண்டா என்று யாரும் கேட்டதில்லை. ரெகுலேட்டரின் குமிழ் கையோடு வந்ததுதான் மிச்சம்.

மேஸ்திரியும் ஒரு பெண்தான். அறுபதைத் தாண்டியவள். எல்லோருக்கும் மேஸ்திரியக்கா. அவள் வாயிலிருந்து வராத சட்டம் அந்த அறையில் செல்லாது. நல்ல முட்டை லாரிக்கு, விரிசல் விட்டது ரொட்டிக் கடைக்கு, பொட்டு விழுந்தது வேலை செய்கிறவர்கள் வீட்டுக்கு. பொட்டு முட்டையைப் பார்த்தால் வாங்குகிறவர்கள் அருவருப்பார்களே தவிர, வேகவைத்துத் தின்றால் ஒன்றும் ஆகாது. இது நிஜம். முட்டை உருவாகும்போது கோழிக்குள் ஏதோ ஒரு மெல்லிய ரத்த நரம்பு கசிகிறது, அவ்வளவுதான். வயதான கோழிக்கு இது அடிக்கடி நடக்கும். புதிதாக வேலைக்கு வந்தவள் யாராவது பொட்டு முட்டையை வாங்கத் தயங்கினால் மேஸ்திரியக்கா ஒரே போடாகப் போடுவாள்.

"இருபது வருஷமா தின்னுக்கிட்டிருக்கேன். செத்தா போயிட்டேன்? வயசான கோழின்னா பொட்டு வரத்தான் செய்யும். பொட்டு வந்து எந்தக் கோழியும் சாகல."

கொஞ்ச காலமாக அவள் நின்றுகொண்டு அதட்டுவதில்லை. தீவனச் சாக்கை நாலாக மடித்து ஸ்டூலில் போட்டு, அதன் மேல் உட்கார்ந்துகொண்டு அதட்டினாள். முட்டை அட்டைகளைத் தூக்கி அடுக்குவதையும் மற்றவர்களிடம் விட்டுவிட்டாள். அதட்டலில் குறை வைக்காததால் யாரும் இதையெல்லாம் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை.

மேசையின் கடைசிப் பெட்டி எக்ஸ்ரேயுடையது. வீட்டில் கூப்பிடுவதற்கு அவளுக்கு வேறு பெயர் உண்டு. ஆனால் மற்றவர்கள் இரண்டு சுற்றுச் சுற்றி யோசிக்கும் முட்டையை அவள் அரைச் சுற்றில் சொல்லிவிடுவாள் என்பதால் பண்ணையில் எக்ஸ்ரே என்ற பெயர் ஒட்டிக்கொண்டது. வயது ஐம்பத்தேழு. கணவர் தீவன மில்லில் காவல்காரர், பகலெல்லாம் தூங்குவார். மகன் முட்டை லாரி ஓட்டுகிறான். மருமகள் சட்டைக் கம்பெனியில் காலர் தைக்கிறாள்.

ஒரு நாள் காலை குளிக்கப் போனபோது எக்ஸ்ரே தன் பாவாடையில் சட்டைப் பொத்தான் அளவுக்கு ஒரு ரத்தக் கறையைப் பார்த்தாள். நின்று ஆறு வருஷம் ஆகியிருந்தது. மூலமாக இருக்கும் என்று நினைத்தாள். இல்லை. எங்காவது கீறிவிட்டதோ என்று பார்த்தாள். அதுவும் இல்லை. பிறகு பாவாடையை அலசிப் போட்டுவிட்டு வேலைக்குப் போனாள். அன்று அவள் ஒரு முட்டையை மூன்று சுற்றுச் சுற்றியதைப் பக்கத்துப் பெட்டிக்காரி பார்த்துவிட்டு, "என்ன எக்ஸ்ரே, கரண்ட் கட்டா?" என்று கேட்டாள்.

கறை போயிற்று, மறுபடி வந்தது. மூன்றாவது முறை வந்த பிறகு, மதியம் எல்லோரும் சாப்பாட்டுத் தூக்கைத் திறந்து உட்கார்ந்திருந்தபோது, எக்ஸ்ரே மேஸ்திரியக்காவின் பக்கமாக நகர்ந்து உட்கார்ந்தாள்.

"அக்கா, ஒரு சந்தேகம். எல்லாம் நின்னு வருஷக்கணக்கான பிறகு... மறுபடியும் வருமா?"

மேஸ்திரியக்கா தண்ணீர் குடித்துக்கொண்டிருந்தாள். பாட்டிலை இறக்காமல் கொஞ்ச நேரம் அப்படியே இருந்தாள். பிறகு வாயைத் துடைத்துக்கொண்டு, "எவ்வளவு?" என்றாள்.

"பொட்டு மாதிரிதான்."

"பொட்டுதானே? விடு. கோழிக்கு வந்தா ஒரு நியாயம், உனக்கு வந்தா ஒரு நியாயமா? நீயும் வயசான கோழிதான்."

ரகசியமாகக் கேட்டது அறை முழுக்கக் கேட்டுவிட்டது. "எக்ஸ்ரே மறுபடியும் குமரி ஆயிட்டாடி! அவ புருஷனைத் தட்டி எழுப்பிச் சொல்லுங்க!" என்று ஒருத்தி ஆரம்பிக்க, எல்லோரும் சிரித்தார்கள். எக்ஸ்ரேயும் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். பெரிய பாரம் இறங்கியது போல இருந்தது அவளுக்கு. அன்று சாயங்காலம் தன் பங்குக்கு வந்த பொட்டு முட்டைகளை வாங்கிக்கொண்டு போய், வேகவைத்து, நிம்மதியாகத் தின்றாள்.

அவளை முட்டாள் என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை. பொட்டு ஆபத்தில்லை என்பது அந்த அறையில் இருந்த அத்தனை பேரும் கண்ணால் பார்த்து, கையால் சுற்றி, வாயால் தின்று தெரிந்துகொண்ட விஷயம். வேறு யார் வந்து அவர்களுக்கு வேறு என்ன சொன்னார்கள்? தெருவுக்கு ஒரு நர்ஸ் வருவாள், தங்கமான பெண்தான். கர்ப்பமான பெண்கள் வீட்டில் அரை மணி நேரம் உட்கார்ந்து பேசுவாள். எக்ஸ்ரே வயதுக்காரிகள் என்றால் வாசலிலேயே கையில் பட்டையைச் சுற்றி பிரஷர் பார்த்துவிட்டு, "உப்பைக் குறைங்கம்மா" என்று சொல்லிவிட்டு வண்டியைக் கிளப்புவாள். அவளுக்குச் சொல்லிக் கொடுத்தது அவ்வளவுதான். பிள்ளை பெறுகிறவரை கர்ப்பப்பைக்கு ராஜ மரியாதை. அதற்கப்புறம் அது வயிற்றுக்குள் இருக்கிறதா, இல்லையா என்றுகூட ஒருவரும் விசாரிப்பதில்லை. இதைச் சொல்லும்போது எனக்குக் கோபம் வருகிறது, வரட்டும்.

பொட்டு நிற்கவில்லை. நாளாக ஆக அது பொட்டு என்ற பெயருக்கும் அடங்கவில்லை. எக்ஸ்ரே கறுப்புப் பாவாடைக்கு மாறினாள். பத்தாததற்கு, குளியலறை அலமாரியில் மருமகள் வைத்திருந்த பேட் பாக்கெட்டிலிருந்து ஒவ்வொன்றாக எடுக்க ஆரம்பித்தாள். கடையில் போய்க் கேட்க வெட்கம். கடைக்காரப் பையன் அவளுடைய மகனோடு படித்தவன்.

பாக்கெட் சீக்கிரம் காலியாவதை மருமகள் கவனித்துவிட்டாள். முதலில் புருஷன்மேல்தான் சந்தேகம் வந்தது.

"லாரிக் கண்ணாடி துடைக்க எடுத்தீங்களா?"

"எதை?"

காட்டினாள். அவன் தன் தலையில் அடித்துச் சத்தியம் செய்தான். மாமனாரை அவள் சந்தேகப்படவில்லை. அந்த வீட்டில் ஒரு பொருள் எங்கே இருக்கிறது என்று தெரிந்தால்தானே அவர் எடுப்பார்.

ஒரு சாயங்காலம் மருமகள் கம்பெனியிலிருந்து சீக்கிரம் வந்தாள். குளியலறைக் கதவு திறந்திருந்தது. எக்ஸ்ரே குந்தி உட்கார்ந்து வாளியில் பாவாடையை அலசிக்கொண்டிருந்தாள். வாளித் தண்ணீர் சிவந்திருந்தது.

"அத்தை, இது என்ன?"

"சாயம் போகுது."

"கறுப்புத் துணியில சிவப்புச் சாயமா?"

எக்ஸ்ரேவுக்குச் சுருக்கென்று கோபம் வந்தது. "உன் பேட் நாலு எடுத்ததுக்கு இவ்வளவு விசாரணையா? வாங்கி வெச்சிடறேன், போ."

"பேட் கெடக்குது அத்தை. எத்தனை நாளா இப்படி?"

எக்ஸ்ரே கோழிக் கதையைச் சொன்னாள். வயது, நரம்பு, கசிவு, மேஸ்திரியக்காவின் இருபது வருஷ அனுபவம் எல்லாம் சொன்னாள். மருமகள் வாசற்படியில் நின்றபடியே முழுவதையும் கேட்டாள்.

"எனக்குக் கோழியப் பத்தித் தெரியாது. இது என்னன்னும் தெரியாது. டாக்டர்கிட்ட காட்டிடலாம், வாங்க."

"எந்த டாக்டர்கிட்ட? நீ போறியே, அங்கயா? வயித்தைத் தள்ளிக்கிட்டு வர்ற பொண்ணுங்களுக்கு நடுவுல நான் போய் உக்காரணுமா? பாக்கிறவங்க வாயால சிரிக்க மாட்டாங்க. முதல்ல உனக்கு ஆக வேண்டியதைப் பாரு."

கல்யாணமாகி நாலு வருஷம், மருமகளுக்குக் குழந்தை இல்லை. அதுவரை எக்ஸ்ரே அந்தப் பேச்சை எடுத்ததே இல்லை. மருமகள் உள்ளே போய்த் துணி மடிக்க ஆரம்பித்தாள். எக்ஸ்ரேவுக்கு நாக்கைப் பிடுங்கிக்கொள்ளலாம் போல இருந்தது. ஆனாலும் மன்னிப்புக் கேட்க வாய் வரவில்லை. வாளித் தண்ணீரைக் கொட்டிவிட்டு அடுப்படிக்குப் போனாள்.

குழந்தைக்காக மருமகள் பார்க்கும் பெண் டாக்டர் பெரிய ஆஸ்பத்திரியிலிருந்து அந்த வட்டாரத்துச் சின்ன ஆஸ்பத்திரிக்கு எப்போதாவதுதான் வருவார். அவரிடம் முறை கிடைக்க மாதக்கணக்கில் காத்திருக்க வேண்டும். மருமகளுக்கு முறை வந்த வாரம் மகன் லாரியோடு வெளியூர் போயிருந்தான்.

"அத்தை, நாளைக்கு எனக்குத் துணைக்கு வர்றீங்களா?"

எக்ஸ்ரே உடனே சரி என்றாள். வாய் தவறிச் சொன்னதற்கு இப்படியாவது ஈடு செய்யலாம் என்று நினைத்தாள். மேஸ்திரியக்காவிடம் மருமகளுக்கு உடம்பு சரியில்லை என்று சொல்லி லீவு வாங்கினாள்.

ஆஸ்பத்திரியின் காத்திருக்கும் அறையில் பச்சை நாற்காலிகள். எதிரில் உட்கார்ந்திருந்த ஒரு அம்மாள் மருமகளைப் பார்த்துவிட்டு எக்ஸ்ரேவிடம், "எத்தனை மாசம்?" என்று கேட்டாள். "இனிமேதான்" என்று எக்ஸ்ரே சொல்லி, மருமகளின் முகத்தைப் பார்க்காமல் சுவரில் ஒட்டியிருந்த குண்டுக் குழந்தையின் படத்தைப் பார்த்துக்கொண்டிருந்தாள். அடிவயிறு லேசாக வலித்துக்கொண்டிருந்தது. கறுப்புப் பாவாடை கட்டி வந்தது நல்லதாகப் போயிற்று என்று எண்ணினாள்.

முறை வந்தது. இருவரும் உள்ளே போனார்கள். டாக்டர் நிமிராமலே ஸ்டூலைக் காட்டினார். மருமகள் எக்ஸ்ரேயின் இரண்டு தோள்களையும் பிடித்து அந்த ஸ்டூலில் உட்கார வைத்தாள்.

"டாக்டர், இன்னைக்கு என் முறையில இவங்களைப் பாருங்க. என் மாமியார். நின்னு ஆறு வருஷம் கழிச்சு ரத்தம் போகுது. எங்ககிட்ட மறைக்கிறாங்க."

டாக்டர் நிமிர்ந்தார். "உங்க முறையை விட்டா அடுத்தது கிடைக்க ரொம்ப நாளாகும்மா."

"தெரியும் டாக்டர்."

எக்ஸ்ரே எழுந்து வெளியே போயிருப்பாள். அந்தக் கணத்தில் அவளுக்கு வந்த கோபம் அப்படி. ஆனால் தோளில் இருந்த கைகள் பிடியை விடவில்லை. காலர் தைத்துத் தைத்து ஊசி ஏறிய விரல்கள். ஒரு குழந்தைக்காக இவள் மாதக்கணக்கில் காத்திருந்து வாங்கிய முறை இது என்று எக்ஸ்ரேவுக்கு உறைத்தது. கோபம் போன இடம் தெரியவில்லை. அப்படியே உட்கார்ந்துவிட்டாள்.

"எவ்வளவு நாளா வருது?" என்றார் டாக்டர்.

"அஞ்சாறு மாசமா. பொட்டுப் பொட்டாதான் ஆரம்பிச்சுது. அதான் பெருசா எடுத்துக்கல."

"நின்னு ஒரு வருஷம் ஆன பிறகு ஒரே ஒரு சொட்டு வந்தாலும் அதைப் பார்க்கணும். யாரும் உங்களுக்குச் சொல்லலையா?"

எக்ஸ்ரே முட்டை பார்க்கிறவள் என்பதையும், பொட்டு இருந்தால் முட்டை கெட்டதாக அர்த்தமில்லை என்பதையும் டாக்டருக்கு எடுத்துச் சொன்னாள். டாக்டர் சிரிக்காமல் கேட்டார்.

"முட்டைக்கு நீங்க சொல்றது சரி. ஆனா நீங்க முட்டை இல்லையேம்மா."

ஸ்கேன் எடுக்கும் அறைக்கும் ஜன்னல் இல்லை. இருட்டு, ஃபேன் சத்தம், வெளிச்சம் விடும் ஒரு பெட்டி. எக்ஸ்ரேவுக்கு அது பழகிய இடமாக இருந்தது. படுத்தபடியே கழுத்தைத் திருப்பித் திரையைப் பார்த்தாள். சாம்பல் நிறத்தில் ஏதோ குழம்பிக் கிடந்தது. அரைச் சுற்றில் கண்டுபிடிக்கிறவளுக்கு அதில் ஒன்றும் புரியவில்லை. டாக்டரின் முகத்தைப் பார்த்தாள். அது புரிந்தது. தனக்கு முன்னால் ஒரு முட்டையைத் தனியாக எடுத்து வைக்கும்போது தன் முகமும் இப்படித்தான் இருக்கும் என்று நினைத்தாள். அப்போதுதான் முதல் தடவையாக அவளுக்குப் பயம் வந்தது.

உள்ளேயிருந்து கொஞ்சம் சதை சுரண்டி எடுத்துப் பரிசோதனைக்கு அனுப்ப வேண்டும் என்றார்கள். "வலிக்காது" என்றாள் பக்கத்தில் நின்ற நர்ஸ். வலித்தது. எக்ஸ்ரே மருமகளின் கையை நசுக்கிவிட்டாள்.

திரும்பி வரும்போது பஸ்ஸில் இருவரும் அடுத்தடுத்து உட்கார்ந்திருந்தார்கள்.

"உன் முறை போச்சே" என்றாள் எக்ஸ்ரே.

"மறுபடியும் வரும்."

"அன்னைக்கு நான் சொன்னது..."

"என்னைக்கு?" என்று கேட்டுவிட்டு மருமகள் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள்.

முடிவு வந்தது. புற்றுநோய்தான், ஆனால் ஆரம்பம், கர்ப்பப்பைக்கு வெளியே பரவவில்லை என்றார்கள். கர்ப்பப்பையை எடுத்துவிட்டால் போதும் என்றார் டாக்டர். இன்னும் ஒரு வருஷம் வயசான கோழி என்று சொல்லிக்கொண்டிருந்தால் இந்தப் பேச்சே வேறு மாதிரி இருந்திருக்கும் என்றும் சொன்னார். விஷயம் தெரிந்ததும் எக்ஸ்ரேயின் கணவர் அந்தப் பகல் முழுக்கத் தூங்காமல் சமையலறை வாசலிலேயே உட்கார்ந்திருந்தார். என்ன கேட்பது என்று தெரியாமல், "தண்ணி வேணுமா?" என்று மூன்று தடவை கேட்டார். ஆபரேஷன் நல்லபடியாக முடிந்தது. தையல் ஆறும்வரை மருமகள்தான் எக்ஸ்ரேயைக் குளிப்பாட்டிவிட்டாள்.

எக்ஸ்ரே வேலைக்குத் திரும்பிய நாளில் அறையில் எல்லோரும் அவள் இளைத்துவிட்டதைப் பற்றி மட்டும் பேசினார்கள். அட்டையைத் தூக்கக் கூடாது என்று அவள் முன்னால் கொண்டுவந்து வைத்தார்கள். என்ன ஆபரேஷன் என்று எல்லோருக்கும் தெரிந்திருந்தும் ஒருத்தியும் அதன் பெயரைச் சொல்லவில்லை. குமரி என்று கேலி செய்தவள் தலையைக் குனிந்துகொண்டு முட்டையைச் சுற்றிக்கொண்டே இருந்தாள். எக்ஸ்ரேதான் கடைசியில் தன் பெட்டியின் முன்னால் உட்கார்ந்தபடி, யாரையும் பார்க்காமல், பேச ஆரம்பித்தாள்.

"எல்லாரும் கேட்டுக்கங்க. கோழி வேற, நாம வேற. நின்னு ஒரு வருஷம் ஆன பிறகு ஒரு சொட்டு வந்தாலும் போய்க் காட்டணுமாம். ஒரு சொட்டு. நான் அஞ்சாறு மாசம் விட்டேன். என் மருமக தன் முறையை எனக்குக் குடுத்தா. அதனாலதான் உக்காந்து பேசிக்கிட்டிருக்கேன்."

ஒருத்தி வாய் திறந்து ஏதோ கேட்கப் போனாள்.

"போதும், வேலையைப் பாருங்க. லோடு நிக்குது" என்றாள் மேஸ்திரியக்கா.

அவளுடைய இருபது வருஷச் சட்டத்தை இப்படி நாலு பேர் முன்னால் உடைத்தால் கோபம் வரத்தானே செய்யும் என்று எக்ஸ்ரே நினைத்துக்கொண்டாள்.

சாயங்காலம் பல்புகளை அணைத்துவிட்டு எல்லோரும் கிளம்பினார்கள். எக்ஸ்ரே கொல்லைப்பக்கக் குழாயில் கை கழுவிக்கொண்டிருந்தபோது மேஸ்திரியக்கா பின்னால் வந்து நின்றாள். அன்றைய பொட்டு முட்டைகள் இருந்த கூடை அவள் இடுப்பில் இருந்தது. அவ்வளவு தூரம் தூக்கி வந்ததற்கே மூச்சு வாங்கியது. இருட்டறையில் தெரியாதது வெளியே தெரிந்தது. உதடு, நகம், கண்ணின் அடி எல்லாம் வெளுத்துக் கிடந்தன.

"அந்த டாக்டர் மறுபடி எப்ப வர்றாங்க?"

"யாருக்குக்கா?"

மேஸ்திரியக்கா கூடையைத் தரையில் வைத்தாள். குனிந்தவளுக்கு உடனே நிமிர முடியவில்லை. எக்ஸ்ரே அவளுடைய பாவாடையைப் பார்த்தாள். அதுவும் கறுப்பு. மடித்துப் போட்ட சாக்கு ஞாபகம் வந்தது. அன்று சாப்பாட்டு நேரத்தில் அக்கா எவ்வளவு என்று மட்டும் கேட்டு, யாருக்கு என்று கேட்காமல் விட்டது ஞாபகம் வந்தது.

"எத்தனை நாளாக்கா?"

"ரெண்டு வருஷம் முடிஞ்சுது."

ரெண்டு வருஷமாக இவள் அந்தச் சட்டத்தைப் புதிதாக வந்தவர்களுக்குச் சொல்லவில்லை, தனக்குத்தானே சொல்லிக்கொண்டிருந்திருக்கிறாள். எக்ஸ்ரே குழாயை மூடிவிட்டு ஈரக் கையோடு அவள் முழங்கையைப் பிடித்துக்கொண்டாள்.

"அவங்க வர்ற வரைக்கும் காத்திருக்க வேணாம். பெரிய ஆஸ்பத்திரிக்கே போயிடலாம். நாளைக்குக் காலையில முதல் பஸ். நானும் வர்றேன், என் மருமகளும் வருவா."

"நாளைக்கு லோடு இருக்கேடி."

"லோடு கெடக்குது."

அந்த அறையில் இருபது வருஷமாக எல்லோருக்கும் பதில் சொல்லியே பழகியவள், சின்னக் குரலில் கேட்டாள்.

"வலிக்குமா?"

இல்லை என்று சொல்லத்தான் எக்ஸ்ரே வாயைத் திறந்தாள்.

"வலிக்கும்க்கா" என்றாள். "என் கையைப் பிடிச்சுக்க."